ஒரு துப்பறியும் படத்தின் சிரிப்பு வசனம்

படத்தில் செத்துக் கிடப்பவரின் வயிறு ஏறி இறங்குவதை முதலில் கண்டுபிடிப்பது எங்கள் வீட்டில் எப்போதும் நான்தான். பங்களா மாடியில் பணக்காரர் குத்துப்பட்டுக் கிடப்பார். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்து, "உயிர் போய் இரண்டு மணி நேரம் ஆகிறது" என்பார். அந்த நேரம் பார்த்துச் செத்தவரின் வயிறு மெல்ல மேலே வரும். நான் என் வீட்டுக்காரரின் விலாவில் முழங்கையால் இடிப்பேன். அவர் அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கும் மகனை இடிப்பார். மூன்று பேரும் சத்தம் வராமல் குலுங்கிச் சிரிப்போம். பின்வரிசைக்காரர்கள் எங்களைத் திட்டுவார்கள்.

இப்போது அந்தப் படங்களைப் பற்றி எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இருக்கிறது. போன ஆடி மாதம் என் மகனைப் பஸ்ஸிலிருந்து இறக்கிப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள். அவனுக்குப் பத்தொன்பது வயது. அவன் செய்ததெல்லாம், அப்படி ஒரு படத்தில் சிரிப்பு நடிகர் பேசிய ஒரு வசனத்தை உரக்கச் சொன்னதுதான். அன்று மாலை அவன் வீட்டுக்கு வருவானா, இல்லை கொழும்புக்கு அனுப்பி அங்கிருந்து இந்தியாவுக்குத் தலைமன்னார்க் கப்பலில் ஏற்றிவிடுவார்களா என்று தெரியாமல் அரை நாள் இருந்தேன். இத்தனை மாதம் ஆகியும் பஸ் பிரேக் போடும் சத்தம் கேட்டால் செய்கிற வேலையை விட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

நான் இலங்கை மலைநாட்டில், நோர்வூட்டுக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்தில் பள்ளிக்கூட ஆசிரியை. ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்திதான். என் வீட்டுக்காரருக்குத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை. ஸ்டோர் என்றுதான் நாங்கள் சொல்வோம். கல்யாணமான புதிதில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த காலத்தை ஒட்டி, ஹட்டன் டவுனுக்குப் படம் பார்க்கப் போக ஆரம்பித்தோம். பெண்பிள்ளைகள் அழும் படத்துக்குத்தான் போவார்கள் என்று எல்லோருக்கும் ஒரு எண்ணம். எனக்கு அழுகைப் படம் ஆகாது. மாமியார் கொடுமையைக் காசு கொடுத்து வேறு பார்க்க வேண்டுமா? சுவரொட்டியில் கறுப்புக் கண்ணாடியும் கைத்துப்பாக்கியும் இருந்தால் போதும், "ஞாயித்துக்கிழம மெட்னிக்குப் போவமாங்க?" என்று கேட்டுவிடுவேன்.

ஹட்டன் தியேட்டருக்கு அப்போது தகரக் கூரை. படங்கள் மதராஸில் ஓடி, கொழும்பில் ஓடி, கண்டியில் ஓடித் தேய்ந்த பிறகுதான் எங்களிடம் வரும். படத்துக்குள்ளே கோடு கோடாக மழை பெய்யும், வெளியே தகரத்தில் நிஜ மழை பெய்யும். ஒரு தடவை துப்பறிபவர் எல்லோரையும் ஒரு கூடத்தில் உட்காரவைத்து, "கொலையாளி இந்த அறையில்தான் இருக்கிறார்" என்று விரலைத் தூக்கியபோது மழை பிடித்துக்கொண்டது. அவர் வாய் அசைகிறது. ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை. யாரையோ கூட்டிக்கொண்டு போனார்கள். அதற்குள் ரீல் அறுந்து, வெளிச்சம் போட்டுவிட்டார்கள். அதன் பிறகு ஒரு கிழமை, ஏழு நாளும், தோட்டம் முழுக்க அதே பேச்சு. கொழுந்து நிறுத்துப் போட வந்த பெண்கள் பள்ளிக்கூட வாசலில் நின்று, "டீச்சரம்மா, நீங்க படிச்சவங்க. டாக்டர்தானுங்களே கொன்னது?" என்று கேட்டார்கள். நான் தம்பிக்காரன் என்றேன், என் வீட்டுக்காரர் வக்கீல் என்றார். கண்டியில் பார்த்துவிட்டு வந்த ஒருவர் கடைசியில் உண்மையைச் சொன்னார். அந்த மூன்று பேருமே இல்லை. எங்களில் யாரும் அதை ஒத்துக்கொள்ளவில்லை.

அந்தப் படங்களில் குறை சொல்ல ஆரம்பித்தால் முடிவே வராது. எல்லாப் பணக்காரர் வீட்டிலும் ஒரே மாடிப்படிதான். திரைச்சீலையை மாற்றிவிட்டால் வேறு வீடு. கார் ஓடும்போது ஜன்னலுக்கு வெளியே போகும் மரங்கள் பாதி வழியில் திரும்பி வரும். துப்பாக்கி வெடிக்கும் முன்பே ஆள் விழுந்துவிடுவார். கள்ளர் குகையில் சுவரில் ஒரு பெரிய சக்கரம் இருக்கும். அதைச் சுற்றினால் கதவு திறக்கும். சக்கரத்துக்கும் கதவுக்கும் நடுவே ஒன்றுமே கிடையாது என்று ஸ்டோரில் இயந்திரத்தோடு மல்லுக்கட்டும் என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் குறைப்பட்டுக்கொள்வார். "ஒரு பெல்ட்டாவது மாட்டக் கூடாதா பாவிங்க?" என்பார். மாறுவேடத்தில் வரும் பொலிஸ்காரருக்குக் கன்னத்தில் ஒரு மரு ஒட்டியிருக்கும், கையில் ஓட்டை போட்ட பத்திரிகை இருக்கும். முன்னால் கலரி டிக்கெட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைக்கும் அவர் பொலிஸ் என்று தெரியும். கள்ளருக்கு மட்டும் தெரியாது. கடைசி ரீலில், யாரும் கேட்காமலே குற்றவாளி தன் குற்றத்தை முதலிலிருந்து கடைசி வரை ஒப்பிப்பார்.

இருந்தும் அந்தப் படங்கள் எனக்குப் பிடிக்கும். இப்போதும் பிடிக்கும். தோட்டத்தில் கேள்வி கேட்பவர்கள் மேலே இருப்பவர்கள். ஏன் பிந்தி வந்தாய், ஏன் கூடை நிறையவில்லை, உன் தகப்பன் எந்த ஊரிலிருந்து வந்தான், எந்த வருஷம் வந்தான், கடுதாசி எங்கே? பதில் சொல்வது எப்போதும் நாங்கள். படத்தில் கசங்கிய கோட்டுப் போட்ட ஒரு சாதாரண மனிதர் பங்களாக்காரரைப் பார்த்து, "அந்த நேரம் நீங்கள் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்பார். பங்களாக்காரர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைப்பார். அந்த ஒரு கேள்விக்காகவே நாங்கள் மழையில் நனைந்து, காலில் அட்டைக்கடியோடு ஹட்டனுக்குப் போனோம் என்று நினைக்கிறேன். அதோடு, எந்தப் படமானாலும் முதலில் சந்தேகப்படுவது வேலைக்காரரை. அடிப்பார்கள், அடைப்பார்கள். ஆனால் முடிவில் அவர் குற்றமில்லாதவர் என்று தெரிந்து விட்டுவிடுவார்கள். ஒரு படத்தில்கூட இது தவறியதில்லை. தியேட்டரில் பெண்கள் அதற்குத்தான் பெரிய மூச்சு விடுவார்கள்.

இனி அந்த வசனம்.

நாலைந்து வருஷத்துக்கு முன்னால் வந்த படம் அது. இருப்பதிலேயே மட்டமான படம். மதராஸில் கடலே தெரியாத ஒரு இடத்தில் ஒரு கிடங்கு. துப்பறிபவருடைய உதவியாளான சிரிப்பு நடிகர் உள்ளே புகுந்து மாட்டிக்கொள்கிறார். பொலிஸ் அதிகாரி உறுமுகிறார்: "யாருடா நீ? பூட்டின கிடங்குக்குள்ளே எப்படி வந்தே?" சிரிப்பு நடிகர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கீச்சுக் குரலில், "கள்ளத்தோணியில வந்தேங்க!" என்கிறார். "தோணிய எங்கே கட்டியிருக்கே?" "உங்க தொப்பிக்குள்ளங்க!" அதிகாரி தன் தொப்பியைக் கழற்றிப் பார்க்கிறார். அவ்வளவுதான் நகைச்சுவை.

மதராஸ்காரர்களுக்கு அது ஒரு சாதாரணச் சிரிப்பு. எங்களுக்கு அந்தச் சொல் வேறு. இந்த நாட்டில் பிறந்து, இங்கேயே கொழுந்து பறித்துச் சாகிற எங்களைத்தான், இந்தியாவிலிருந்து களவாகத் தோணியேறி வந்தவர்கள் என்று, அந்தச் சொல்லால் ஏசுவார்கள். பஸ்ஸில் இடத்துக்குச் சண்டை வந்தால் கள்ளத்தோணி. கந்தோரில், அதுதான் ஆபீஸில், கொஞ்சம் குரல் உயர்த்தினால் கள்ளத்தோணி. சிங்களவர்களில் வேறு ஒரு தமிழ்ச் சொல்லும் தெரியாதவருக்கும் அது ஒன்று தெரியும். அதனால் அந்த வசனம் வந்ததும் எல்லோரும் பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்த்தார்கள். பிறகு கலரியில் யாரோ ஒருவர் வெடித்தார். அப்புறம் எழுந்த சிரிப்பைப் போல் நான் ஹட்டனில் கேட்டதில்லை. என் வீட்டுக்காரர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். எங்களைக் குனிய வைத்த சொல்லை ஒரு கோமாளி பொலிஸ்காரர் முகத்துக்கு நேரே சொல்லி, அவர் தொப்பியையும் கழற்ற வைத்துவிட்டாரே!

மறுநாளே அது தோட்டத்துப் பேச்சாகிவிட்டது. காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்குப் பிந்தி வந்தவரைப் பார்த்துக் கூட நிற்பவர்கள், "எப்புடிடா வந்தே?" என்பார்கள். "கள்ளத்தோணியில வந்தேங்க!" பிந்தி வந்த மாப்பிள்ளை, மழையில் குடையில்லாமல் வந்த விருந்தாளி, எல்லோரும் கள்ளத்தோணியில்தான் வந்தார்கள். என் பள்ளிக்கூடத்திலும் அதுதான். பிந்தி வருகிற பிள்ளைகளை நான் கதவடியில் நிறுத்தி, அந்த அதிகாரியின் குரலில், "எப்படி வந்தே?" என்று கேட்பேன். பிள்ளைகள் நெஞ்சில் சிலேட்டை வைத்துக்கொண்டு பதில் சொல்வார்கள். வகுப்பே சிரிக்கும். பிரம்பைவிட அது நல்லது என்று நினைத்தேன். அந்தச் சொல்லின் விஷத்தைக் கழுவிவிட்டோம் என்றும் நினைத்தேன். எங்களுக்குள் கழுவியிருந்தோம், அவ்வளவுதான்.

ஆடி மாதம் என் மகனுக்குக் கொழும்பில் ஒரு புடவைக்கடையில் வேலைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அவனோடு படித்த கூட்டாளி ஒருவனுக்கும் அதே கடை. விடியற்காலையில் இரண்டு பேரும் புறப்பட்டார்கள். ஹட்டனில் பஸ் கிளம்பும் நேரத்தில் என் மகன் கடலை வாங்கப் போய்விட்டு, ஓடும் பஸ்ஸில் தொற்றி ஏறியிருக்கிறான்.

பத்தரை, பதினொரு மணி இருக்கும். இரண்டாம் வகுப்புக்குக் கழித்தல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கூட்டாளி மட்டும் நனைந்துபோய் வாசலில் வந்து நின்றான்.

"டீச்சரம்மா, அவனப் புடிச்சிட்டாங்க."

"யாருப்பா?"

"பொலிஸுங்க. லீக்ஸ் வச்சிருந்தாரு."

"என்ன வச்சிருந்தாரு?"

"லீக்ஸுங்க. ரெண்டு கட்டு லீக்ஸும் கொஞ்சம் கேரட்டும். முன் சீட்டுல சாரம் கட்டிட்டு ஒக்காந்திருந்தாரு. மரக்கறி யாவாரின்னு நெனச்சோம்."

அவனைத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மெதுவாகக் கேட்டேன். ஓடி வந்து ஏறியவனைப் பார்த்து இவன், "பஸ்ஸ விட்டுட்டேன்னு நெனச்சேன், எப்புடிடா வந்தே?" என்றிருக்கிறான். என் மகன் கடலைச் சுருளை நெஞ்சில் வைத்து, பஸ் முழுக்கக் கேட்க, "கள்ளத்தோணியில வந்தேங்க!" என்றிருக்கிறான். நம்ம ஆட்கள் சிரித்திருக்கிறார்கள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்திருக்கிறார். கினிகத்தேனை தாண்டி ஒரு ஊரில் பஸ் நின்றதும் அவர் எழுந்து, என் மகனின் சட்டைக் காலரைப் பிடித்துவிட்டார்.

"அவன் என்ன செஞ்சான்?"

"சிரிச்சான் டீச்சரம்மா. அவரும் தமாசு பண்றாருன்னு நெனச்சிட்டான். ஸ்டேசன் வாசப்படி வரைக்கும் சிரிச்சிட்டுத்தான் போனான்."

அந்தச் சிரிப்புதான் என்னை இன்றுவரை விடவில்லை. மருவும் ஓட்டைப் பத்திரிகையும் இல்லாத பொலிஸ்காரரை அவன் பார்த்ததில்லை. நானும்தான் அவனுக்குக் காட்டவில்லை.

பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினேன். கையில் கொண்டுபோக என்ன கடுதாசி இருக்கிறது? அவனுடைய பிறப்புச் சான்றிதழைப் பல வருஷத்துக்கு முன்னால், இங்கே பிறந்தும் எங்களுக்கு இல்லாத பிரஜாவுரிமையைக் கேட்ட மனுவோடு கட்டிக் கொடுத்தோம். மனு போனது, சான்றிதழும் போனது. மிச்சமிருந்தது பிள்ளைகளின் பெயர் பதிகிற பள்ளிக்கூட இடாப்பு. அதில் அவன் பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம் இந்தத் தோட்டம் என்று எழுதியிருக்கிறது. அதை ஒரு பிளாஸ்டிக் விரிப்பில் சுற்றி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கிளம்பினேன். கூட்டாளியை ஸ்டோருக்கு அனுப்பி, என் வீட்டுக்காரரிடம் சொல்லச் சொன்னேன். இயந்திரத்தை நிறுத்தி ஆள் மாற்றிக்கொண்டு அவர் வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமையில்லை.

எந்த ஊர் பொலிஸ் நிலையம் என்று நான் எழுதப்போவதில்லை. அங்கே இருந்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. படத்தில் வருகிற மாதிரிப் பெரிய மேசையும் தொங்கும் விளக்கும் அங்கே கிடையாது. வெள்ளையடித்த ஒரு சின்னக் கட்டடம், உட்கார ஒரு மர வாங்கு, ஒரு பூனை. வாங்கின் கீழே அந்த லீக்ஸ் கட்டுகள், தடித்த வெங்காயத்தாள் மாதிரி, வாடிக் கிடந்தன. என் மகன் கைகளைத் தொடைகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு மேசையருகே உட்கார்ந்திருந்தான். எதிரே கண்ணாடி போட்ட வயதான கான்ஸ்டபிள் ஒருவர் பெரிய புத்தகத்தில் எழுதி முடித்து, பேனாவை அவன் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா, கையெழுத்துப் போட்டா முடிஞ்சிருமாம்மா."

"என்ன எழுதியிருக்கு?"

"தெரியலம்மா. சிங்களம்."

"பேனாவக் கீழ வையி."

சிங்களம் எனக்குப் பேச வரும், கொச்சையாக. வாசிக்கப் பழகியது பஸ் போர்டுகளையும் சுவரொட்டிகளையும் எழுத்துக்கூட்டித்தான். அந்தக் கான்ஸ்டபிளிடம், "ராளாமி, கொஞ்சம் பார்க்கிறேன்" என்று சிங்களத்தில் மரியாதையாகக் கேட்டுக்கொண்டு, புத்தகத்தின் மேல் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக நகர்ந்தேன். அவன் பெயர். தகப்பன் பெயர். 'மம', நான். அடுத்து நீளமாக ஒரு சொல். உருண்டை உருண்டையான சிங்கள எழுத்துகளில் ஒரு தமிழ்ச் சொல். அந்தப் பக்கத்தில் இருந்த ஒரே தமிழ்ச் சொல் அதுதான். நான் கள்ளத்தோணியில் வந்தேன் என்று என் மகன் சொன்னதாக எழுதியிருந்தது. அவர் பொய் எழுதவில்லை. அவன் சொன்னதைத்தான் எழுதியிருந்தார். படத்தில் கடைசி ரீல் குற்றவாளியைப் போல, யாரும் கேட்காமலே என் பிள்ளை ஒப்புக்கொண்டிருந்தான். கீழே கையெழுத்துக்கு ஒரு புள்ளிக்கோடு மட்டும் காலியாக இருந்தது.

உள்ளறையிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார். இளம் வயது, என் தம்பி வயதிருக்கும். தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். நான் எழுந்து நின்று, "மாத்தயா, மேக்க விஹிளுவக்" என்றேன். ஐயா, இது ஒரு வேடிக்கைப் பேச்சு என்பது.

"பொலிஸ் உத்தியோகத்தர் முன்னால் வேடிக்கையா?" இதெல்லாம் சிங்களத்தில்.

"அவர் பொலிஸ் என்று இவனுக்குத் தெரியாது. அவர் லீக்ஸ் வைத்திருந்தார்."

மூலையில் லுங்கி மாதிரிச் சாரம் கட்டி நின்ற அந்த முன்சீட்டுக்காரர் காலால் லீக்ஸை வாங்குக்கு அடியில் இன்னும் கொஞ்சம் தள்ளினார். அவர் அன்று லீவில், தங்கை வீட்டில் பிக்குகளுக்குச் சோறு போடும் தானத்துக்கு மரக்கறி கொண்டுபோய்க்கொண்டிருந்தவர் என்று பிறகு தெரிந்தது.

"பிறப்புச் சான்றிதழ்?" என்றார் இன்ஸ்பெக்டர். மனுவின் கதையைச் சொன்னேன். இடாப்பைப் பிரித்துக் காட்டினேன். அவர் பொறுமையாகத்தான் பார்த்தார்.

"இது யாருடைய கையெழுத்து, டீச்சர்?"

"என்னுடையது."

"இவனுக்கு நீங்கள் என்ன வேண்டும்?"

"தாய்."

அவர் இடாப்பை மூடி என்னிடம் தள்ளினார். துப்பறியும் படங்களில் கையெழுத்துதான் பெரிய சாட்சி. பூதக்கண்ணாடியோடு ஒருவர் வந்து, இது இன்னாருடைய எழுத்து என்று சொன்னால் வழக்கு தீர்ந்துவிடும். இங்கே அது என் எழுத்து என்பதாலேயே வழக்குத் தோற்றது. இருபது வருஷமாக மணிமணியாக எழுதிவந்த எழுத்தைப் பார்த்து எனக்கே வெறுப்பாக இருந்தது.

"படத்தில் வருகிற வசனம், மாத்தயா" என்றேன். "எங்கள் தோட்டத்தில் எல்லோரும் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் நானே சொல்லச் சொல்வேன்."

"எப்படிச் சொல்வார்கள்? சொல்லிக் காட்டுங்கள்."

அவர் கேலிக்குக் கேட்டாரோ, உண்மையாகவே கேட்டாரோ தெரியாது. எனக்கு நாற்பத்து நாலு வயது. முந்தானை நனைந்து, காலில் சேறு. கையிலிருந்த இடாப்பை நெஞ்சில் வைத்துக்கொண்டேன். முதலில் அதிகாரியின் உறுமலைச் செய்தேன்: "எப்படி வந்தே?" பிறகு முழங்காலை மடித்து, கீச்சுக் குரலில் அந்த வசனத்தைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. பூனை எழுந்து போனது.

அப்போது, புத்தகத்தில் எழுதியிருந்த அந்த வயதான கான்ஸ்டபிள் கண்ணாடியைக் கழற்றினார். என் மகனைப் பார்த்து, உடைந்த தமிழில், "தோணி எங்கே கட்டி?" என்று கேட்டார்.

அவர் அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறார்! முன்பு வேலை பார்த்த ஊரில், மனைவியோடு, இரண்டு தடவை. சிங்களத்தில் இன்ஸ்பெக்டரிடம் கதையைச் சொல்ல ஆரம்பித்தார். கிடங்கு, பூட்டு, கோமாளி. பிறகு திரும்பவும் என் மகனைப் பார்த்து, கையை ஆட்டி, "சொல்லு, சொல்லு. தோணி எங்கே கட்டி?" என்றார்.

எல்லோரும் அவன் வாயைப் பார்த்தார்கள். அடுத்த வசனம் அவனுக்குத் தூக்கத்திலும் தெரியும். அவன் தலையைத் தூக்கவில்லை. அவன் சொன்னால்தான் அது வேடிக்கை. சொல்லாவிட்டால் புத்தகத்தில் எழுதியிருப்பதுதான் உண்மை. "சொல்லுப்பா" என்றேன். அவன் சொல்லவில்லை.

"உங்க தொப்பிக்குள்ளங்க" என்றேன் நான்.

எல்லோர் கண்களும் மேசைமேல் இருந்த தொப்பிக்குப் போயின. வயதான கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டார். சாரக்காரர் சுவரைப் பார்த்துத் திரும்பினார். அவர் தோள் குலுங்கியது. இன்ஸ்பெக்டர் சிரிக்கவில்லை. ஆனால் கையை நீட்டித் தொப்பியைக் கொஞ்சம் தூக்கி, அடியில் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டு வைத்தார். அதன்பின் புத்தகத்தைத் தன் பக்கம் திருப்பி, அந்தப் பக்கத்தில் குறுக்காக இரண்டு கோடு கிழித்து, ஓரத்தில் சுருக்கமாகக் கையெழுத்திட்டார்.

"கிழித்துவிட முடியாதா, மாத்தயா?" என்று கேட்டேன்.

"பக்கத்துக்கு நம்பர் இருக்கிறது, டீச்சர். கிழித்தால் எனக்குக் கேள்வி வரும். கூட்டிக்கொண்டு போங்கள்."

வெளியே வந்தபோது சாரக்காரர் பின்னாலேயே வந்தார். என் மகனின் தோளில் கையை வைத்து, "மல்லி, தரஹ வென்ன எப்பா" என்றார். தம்பி, கோபித்துக்கொள்ளாதே என்பது. அவன் தலையாட்டினான். அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்கு எங்கள் பாஷையில் தெரிந்தது ஒரே சொல். அந்தச் சொல்லைக் கேட்டால் என்ன செய்ய வேண்டும் என்று யாரோ அவருக்குச் சொல்லிவைத்திருக்கிறார்கள்.

ஹட்டன் பஸ் நிலையத்தில் என் வீட்டுக்காரர் மேலெல்லாம் தேயிலைத் தூளோடு காத்துக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னேன். தொப்பி விஷயம் வந்ததும் அவரால் அடக்க முடியவில்லை. "அந்தாளு தூக்கிப் பாத்தாரா?" என்று சிரித்தார். பிறகு மகனின் முகத்தைப் பார்த்தார். சிரிப்பை நிறுத்திவிட்டு, அவன் கையிலிருந்த பையை வாங்கிக்கொண்டார். மூன்று பேரும் நோர்வூட் பஸ்ஸில் ஏறினோம். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தபோது என் மகன் எழுந்து நின்றுவிட்டான்.

அடுத்த திங்கட்கிழமை மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி பிந்தி வந்தாள். கதவடியில் நின்று, சிலேட்டை நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் கேள்விக்காகக் காத்திருந்தாள். நான் உள்ளே போய் உட்காரச் சொன்னேன். "கேளுங்க டீச்சர்" என்றாள். "ஒக்காரும்மா" என்றேன். அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது. தான் என்ன தப்பு செய்தோம் என்று நாள் முழுக்க என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தப் படத்தை எடுத்தவர்கள்மேல் பழி போட என்னால் முடியவில்லை. ஒரு மாடிப்படியையும் ஒரு கிடங்கையும் வைத்துக்கொண்டு எங்களை இரண்டரை மணி நேரம் உட்காரவைத்தவர்கள் அவர்கள். தாங்கள் எழுதிய ஒரு அசட்டு வசனம் கடல் தாண்டி எந்த ஊரில், எந்தக் காதில் போய் விழும் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? அந்த வசனத்தைப் பாதி தெரிந்த ஒருவர் என் மகனைப் பிடித்தார். முழுதும் தெரிந்த ஒருவர் இருந்ததால் அவன் வெளியே வந்தான். அந்த வயதான கான்ஸ்டபிளும் அன்று லீவில் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கும்போதுதான் எனக்கு உட்கார முடியவில்லை. படங்கள் சொன்ன பெரிய பொய் ஒன்றே ஒன்று. குற்றமில்லாதவர் தானாகவே வெளியே வந்துவிடுவார் என்று அவை எங்களை நம்பவைத்தன. மரங்கள் பின்னால் ஓடியதையெல்லாம் பிடித்துச் சிரித்த நான் அதை மட்டும் கவனிக்கவில்லை.

புடவைக்கடைக்காரர் நல்லவர். இரண்டு கிழமை கழித்தும் அவனை வேலைக்கு எடுத்துக்கொண்டார். இடாப்பிலிருந்து நான் எழுதி, தோட்டத்துப் பெரிய கிளாக்கரிடம் கையெழுத்தும் முத்திரையும் வாங்கிக்கொடுத்த கடுதாசி ஒன்று இப்போது அவன் சட்டைப்பையில் எந்நேரமும் இருக்கிறது. போன கிழமை அவனிடமிருந்து கடிதம் வந்தது. கடை, சாப்பாடு, முதலாளியின் மூக்குப்பொடி எல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இரண்டு வரி: "இங்கே ஒரு துப்பறியும் படம் ஓடுகிறது. கூட வேலை செய்கிறவர்கள் கூப்பிடுகிறார்கள். போகட்டுமா?"

பத்தொன்பது வயதுப் பிள்ளை. படத்துக்குப் போக அவன் என்னிடம் அனுமதி கேட்டதே கிடையாது. நான்தான் அவனை இழுத்துக்கொண்டு போவேன். பதில் எழுத மூன்று நாள் ஆனது. "போய்ப் பார்த்துவிட்டு வா. செத்தவர் மூச்சு விடுகிறாரா என்று பார்த்து எழுது" என்று எழுதினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். வாயைத் திறந்து சத்தமாகச் சொல்லு என்று தினமும் பிள்ளைகளை அதட்டுகிற நான், அடியில் ஒரு வரி சேர்த்தேன்: "திரும்பி வரும்போது பஸ்ஸில் மட்டும் பேசாமல் வா." உறையை ஒட்டித் தபாலில் போட்டுவிட்டேன். அந்த வரியை எழுதியிருக்க வேண்டாம் என்று ஒரு மனசு சொல்கிறது. எழுதாமல் எப்படி அனுப்புவது என்று இன்னொரு மனசு கேட்கிறது.